நாற்பது பச்சைச் சட்டைகள்

கண்ணிவெடி எடுக்கப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளே, போன கிழமை உங்களுக்கு உடுப்பு அளவெடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அளவு நாடாவைப் பிடிக்க என்னைத்தான் தேடுகிறார்கள் என்பதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். அதை வெளியே காட்டாமல், "நேரே நில்லும், மூச்சை உள்ளுக்கு இழுக்காதையும்" என்று உங்களை அதட்டிக்கொண்டு நின்றேன். அப்போது உங்களில் ஒரு பிள்ளை கேட்டாள்:

"அன்ரி, ஏன் இந்த வெளிர் நீலம்? ஒரு நாள் முழங்காலிலை இருந்து வேலை செய்தாலே மண் அப்பிப் போயிடும். பச்சையெண்டால் அழுக்குத் தெரியாதெல்லோ?"

அவளுக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். இரண்டு வசனத்தில் சொல்லக்கூடிய மறுமொழியும் அல்ல. பிள்ளை, நீர் கேட்டதை நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் நாற்பது சோடி தைத்தும் கொடுத்தேன். அந்தக் கதையைத்தான் இப்போது எழுதுகிறேன். கண்ணிவெடி எடுக்கிற விதத்தை உங்களுக்குப் படிப்பிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் தையல்காரி. எனக்குத் தெரிந்தது துணியும், துணி செய்கிற வேலையும்தான்.

சண்டை முடிந்து சனம் சொந்தக் காணிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். கொக்குவிலில் என் வீட்டு முன்னறையில் இரண்டு மெசின் போட்டுப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வாசலில் ஜீப் வந்து நின்றது. கண்ணிவெடி அகற்றுகிற எங்கள் நிறுவனத்தின் ஆள் ஒருவர் இறங்கி ஒரு கடதாசியைத் தந்தார். நாற்பது பேருக்குச் சேட்டும் காற்சட்டையும். அளவுகள் எல்லாம் எழுதியிருந்தன. அடியில் இரண்டு வரி: தடித்த துணி. வெளிர் நீலம்.

யாழ்ப்பாணக் கடைகளில் தடித்த துணியில் வெளிர் நீலம் அப்போது கிடைக்கவில்லை. சுன்னாகத்தில் ஒரு கடையில் பாசிப்பச்சையில் ஒரு கட்டு இருந்தது. கையில் பிடித்துப் பார்த்தேன். அப்படியொரு துணி! முள்ளுக் குத்தினாலும் கிழியாது, தோய்த்தாலும் சுருங்காது. படையினர் போடுகிற புள்ளித் துணியைச் சாதாரண ஆட்கள் வைத்திருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். இது வெறும் பச்சைதானே. மண்ணில் வேலை செய்கிற ஆட்களுக்கு மண்ணழுக்குத் தெரியாத துணி நல்லதுதானே. தடித்த துணி என்ற சொல்லை நான் வேலையோடு சேர்ந்ததாக எடுத்துக்கொண்டேன். வெளிர் நீலம் என்ற சொல்லை யாரோ ஒருவருடைய விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன். ஒருத்தரிடமும் கேட்கவில்லை. நான் விட்ட பிழை அதுதான். கேட்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

நாற்பது சோடியும் தைத்துக் கொடுத்தேன். வேலை செய்கிற பிள்ளைகளுக்கு நல்ல சந்தோசம். வசந்தி என்று ஒருத்தி இருந்தாள். கிராமங்களுக்குப் போய் எங்கே ஆபத்து இருக்கிறது என்று வீடு வீடாக விசாரிக்கிற குழுவின் தலைவி. போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இப்பதான் ஒரு வேலைக்குப் போற ஆள் மாதிரி இருக்கு" என்றாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் என் கடைக்கு வந்தாள். சிரிப்பைக் காணவில்லை.

"அக்கா, தென்மராச்சியிலை ஒரு ஒழுங்கை முழுக்கப் போனனாங்கள். ஒரு வீட்டிலையும் கதைக்கினமில்லை. எங்களைக் கண்டவுடனை படலையைச் சாத்தினம். போன கிராமத்திலை தேத்தண்ணி தந்து, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டின சனம். இஞ்சை, 'எங்களுக்கு ஒண்டும் தெரியாது'. வேறை கதையில்லை."

"சனம் களைச்சுப் போயிருக்கும்" என்றேன்.

"தகவல் இல்லையெண்டு எழுதினால் அந்த ஒழுங்கையைக் கடைசியாத்தான் செய்வினம், அக்கா. அதாலைதான் பிள்ளையள் பள்ளிக்கூடம் போகவேணும்."

அவள் சட்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கும் அது ஓடவில்லை. தையல் எங்கேயாவது பிரிந்துவிட்டதோ என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.

அடுத்த நாள் சேர் வந்தார்.

எங்கள் பயிற்சியாளரை எல்லாரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, ஆகவே சேர் என்றே எழுதுகிறேன். குருநாகல் பக்கத்துச் சிங்களவர். ஒல்லியான, நெடிய ஆள். பதினெட்டு வருசம் இராணுவத்தில் பொறியியல் பிரிவில் இருந்துவிட்டு, விலகி இந்த வேலைக்கு வந்தவர். தமிழைக் காதால் கேட்டே படித்தவர். அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. ஆனாலும் முதல் நாள் தொடங்கி என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டார். நான் உடுப்புக் கொடுத்த கிழமை அவர் லீவில் ஊரில் நின்றிருந்தார்.

கையில் ஒரு பச்சைச் சேட்டோடு வந்து, அதை மறுபக்கம் பிரட்டி மூட்டுத் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"அம்மா, நல்ல தையல். தையல்ல ஒரு பிழையும் இல்ல. ஆனா இதைப் போட முடியாது."

"ஏன் சேர்? அழுக்குத் தெரியாது."

"அழுக்குத் தெரியணும், அம்மா. ஆளும் தெரியணும்."

எனக்குக் கோபம் வந்தது. நாற்பது சோடி தைத்த தோள் நோவு அப்போதும் போகவில்லை. "நிறத்திலை என்ன சேர் கிடக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் கதிரையை இழுத்து இருந்தார். கோபப்படவில்லை.

"முந்தி, ரொம்ப முந்தி, வெள்ளைக்காரன் சிவப்புக் கோட்டுப் போட்டுத்தான் சண்டைக்குப் போனான். ஏன் தெரியுமா?"

"வடிவுக்கோ?"

"வடிவுக்கும்தான். ஆனா அந்தக் காலத்து வெடிமருந்து சரியான புகை. நாலு தரம் சுட்டா முன்னுக்கு நிக்கிறவன் தெரியாது. எங்கட ஆள் எது, அவங்கட ஆள் எது? அதுக்குத்தான் ஒரு நாட்டுக்காரன் சிவப்பு, ஒரு நாட்டுக்காரன் நீலம், இன்னொருத்தன் வெள்ளை. எங்கட ஆளை நாங்களே சுடாம இருக்கணும். தூரத்தில நிக்கிற பெரியவனுக்கும் தன்ட படை எங்க நிக்குது எண்டு தெரியணும்."

"பிறகேன் மாத்தினவை?"

"பிறகு புகை இல்லாத மருந்து வந்திட்டு. துவக்கு தூரத்துக்குச் சுடும். அப்ப சிவப்பு நெஞ்சு எண்டா, இங்க சுடு எண்டு காட்டுற மாதிரி. இந்தியாவில நிண்ட வெள்ளைக்காரன்தான் முதல்ல வெள்ளை உடுப்பை மண்ணில, தேயிலைச் சாயத்தில தோய்ச்சுப் போட்டான். காக்கி எண்டா என்ன? தூசி. அந்தச் சொல்லுக்கு அர்த்தமே தூசிதான். பிறகு காட்டுக்குப் பச்சை. பிறகு பச்சையில புள்ளி, கோடு. பனி நாட்டுக்காரன் வெள்ளை. எல்லா நாட்டுக்காரனும் படிச்ச படிப்பு ஒண்டுதான், அம்மா. எப்படி ஒளிக்கிறது."

சேட்டை மடித்து என் மேசையில் வைத்தார்.

"பதினெட்டு வருசம் நானும் ஒளிச்சன். இந்த வேலையில ஒளிக்க ஒண்டும் இல்ல. வாறது ஆர் எண்டு சனத்துக்கு முன்னமே தெரியணும். எங்கட பிள்ளை எங்க நிக்குது எண்டு எனக்கும் தெரியணும். பற்றைக்குள்ள ஒரு பிள்ளை காயப்பட்டு விழுந்தா, இந்தச் சட்டையோட நான் எங்க தேடுவன்?"

தைக்கும்போது நான் துணிக்குள் ஒரு உடம்பை நினைத்தேன். அந்த உடம்பு விழக்கூடும் என்று நினைக்கவில்லை.

"வாங்க அம்மா" என்றார். "அந்த ஒழுங்கைக்குப் போவம். உங்கட துணியைச் சனம் எப்படிப் பாக்குது எண்டு நீங்க பாக்கணும்."

எனக்குப் போக விருப்பமில்லை. பயம். ஆனாலும் வெளிக்கிட்டேன். வேலைக்கு நடுவே எழுந்து போனதால் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்துவிட்டேன். சேர் வெள்ளைச் சேட் போட்டிருந்தார். பச்சை உடுப்போடு வந்த வசந்தியைத் தெரு முகப்பில் நிற்கச் சொல்லிவிட்டு, தானும் ஜீப்படியில் நின்றுகொண்டார். "நீங்க போங்க அம்மா. நான் வந்தா கதை மாறும்."

முதல் இரண்டு வீட்டிலும் ஆள் அசுமாத்தம் இல்லை. மூன்றாவது, தகரமும் தறப்பாளும் போட்ட சின்ன வீடு. முற்றத்தில் ஒரு பெண் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். இரத்தினமக்கா என்று பிறகு அறிந்தேன். அவ என் முகத்தைப் பார்க்க முதல் கழுத்தைத்தான் பார்த்தா.

"நீர் தையல்காரியோ?"

"ஓம் அக்கா. கொக்குவில்."

"இஞ்சை ஆருக்குத் தைக்க வந்தனீர்?"

என்ன சொல்கிறது? உள்ளதைச் சொன்னேன். "ஒருத்தருக்கும் தைக்க வரேல்லை. பிழையாத் தைச்ச உடுப்பைப் பற்றிக் கேக்க வந்தனான்."

அவ சிரித்துவிட்டா. படலையைத் திறந்து, ஒரு வாளியைக் கவிழ்த்து இருக்கச் சொன்னா. நான் நாற்பது சோடிக் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அவவின் முகத்தில் இருந்து சிரிப்பு மெல்லக் கழன்றது.

"அப்ப முந்தநாள் வந்த பிள்ளையள் கண்ணி எடுக்கிற பிள்ளையளோ? நான் உடுப்பைப் பாத்திட்டு வேறை ஆக்களெண்டு நினைச்சன்." குரலைத் தாழ்த்தினா. "தங்கச்சி, முந்தி ஒருக்கா நான் சொன்னனான். பச்சை போட்டு வந்தவைக்கு. எந்தப் பச்சையெண்டு கேக்காதையும். வெடி கிடக்கு, பாத்துப் போங்கோ எண்டு நல்லதுக்குத்தான் சொன்னனான். உனக்கு எப்பிடித் தெரியும், ஆர் வைச்சது எண்டு கேட்டு என்ரை மகனைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம். ரண்டு நாள்."

"வந்தவரோ அக்கா?"

"வந்தவன். வந்தும் ஒரு மாசம் வாய் துறக்கேல்லை. இப்ப வவுனியாவிலை வேலை செய்யிறான். அண்டைக்கு நினைச்சனான், இனி அந்த நிறத்துக்கு என்ரை வாயாலை ஒண்டும் சொல்லுறேல்லையெண்டு."

"அப்ப உங்களுக்கு இடம் தெரியும்."

அவ ஒழுங்கையின் அந்தப் பக்கம் கையைக் காட்டினா. பள்ளிக்கூடத்துக்குப் போகிற குறுக்குப் பாதை தொடங்குகிற இடத்தில் காய்ந்த முள்ளுக் கொப்புகளும் பனைமட்டைகளும் குவிந்து கிடந்தன. வசந்தியின் குழு அதை வேலி என்று குறித்திருந்தது.

"அது நான் வெட்டிப் போட்ட முள்ளு. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் துறக்கினம். பிள்ளையள் சுத்திப் போகாதுகள். ஒவ்வொரு நாளும் ஆரோ முள்ளை விறகுக்கு இழுத்துக்கொண்டு போகினம், நான் திருப்பிப் போடுறன். எத்தினை நாளைக்குப் போடுவன்?"

அன்று வியாழக்கிழமை.

"எங்கடை சேரிட்டைச் சொல்லுங்கோ அக்கா" என்றேன். அவ எட்டி ஜீப்பைப் பார்த்தா. சேர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கால்களை அகட்டி, நேராக நின்றார். அந்த நிலை அவருக்கு எந்தச் சட்டை போட்டாலும் மாறாது.

"உவர் ஆர்? நிக்கிற நிலையைப் பாத்தால் ஆமிக்காரர் மாதிரிக் கிடக்கு. ஆமியோ?"

பிள்ளைகளே, என் வேலைக் காலம் முழுக்க நான் பட்ட நெருக்கடிகளில் அதுதான் பெரியது. கண்ணிவெடியை என் கையால் தொட்டதேயில்லை. ஆனால் அந்தக் கேள்வி என் முன்னால் கிடந்தது. ஓம் என்றால் படலையைச் சாத்திவிடுவா. திங்கட்கிழமை பிள்ளைகள் வருவார்கள். இல்லை என்றால் காட்டிவிடுவா. இப்போது அவர் ஆமி இல்லைத்தானே, வெள்ளைச் சேட்தானே போட்டிருக்கிறார், அரைவாசி உண்மைதானே என்று மனம் கணக்குப் போட்டது. இல்லை என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தே விட்டது.

ஆனால் நாற்பது பேருக்கு நான் ஏற்கனவே பொய் நிறம் போட்டு இந்த ஒழுங்கைக்கு அனுப்பியிருந்தேன். இன்னொரு ஆளுக்கும் போட்டுவிட மனம் வரவில்லை.

"ஓம் அக்கா" என்றேன். "முந்தி ஆமி. இப்ப விட்டிட்டார். மிச்சத்தை நீங்களே கேளுங்கோ."

இரத்தினமக்கா எழும்பினா. படலையைச் சாத்தப் போகிறா என்றே நினைத்தேன். படலையைப் பிடித்தபடி ஜீப் பக்கம் பார்த்து, "இஞ்சை வாரும்" என்று கூப்பிட்டா. சேர் வந்து படலைக்கு வெளியே நின்றார்.

"நீர் கண்ணி வைச்சனீரோ?"

நான் அதைச் சிங்களத்தில் சொல்லத் தேவையில்லை. கண்ணி என்ற சொல் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஓம் அம்மா. வச்சிருக்கன். இங்க இல்ல, வேற இடம். சில இடம் இப்பவும் நினைவு இருக்கு. சில இடம் இல்ல. நினைவு இல்லாத இடத்தை நினைச்சாத்தான் நித்திரை வராது."

ஒரு கோழி மிளகாய்ப் பாத்திக்குள் கிளறிக்கொண்டிருந்தது. அதை விரட்டவும் இரத்தினமக்காவுக்கு நினைவு வரவில்லை. பிறகு மூலையில் கிடந்த, கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தா. அடிக்கத்தான் போகிறாவோ என்று நான் இரண்டடி பின்னால் வைத்தேன்.

"அப்ப வைக்கிறவன்ரை புத்தி உமக்குத் தெரியும்" என்றா. "வாரும், காட்டுறன். ஆனா அந்தப் பச்சையைப் போட்டுக்கொண்டு ஒருத்தரும் என்ரை ஒழுங்கைக்கை வரப்படாது."

முள்ளுக் குவியலுக்கு இந்தப் பக்கமே நின்று, தும்புத்தடியால் காட்டினா: உடைந்த கிணற்றில் இருந்து வேப்பமரம் வரைக்கும், எட்டு வைத்து எட்டு வைத்து, ஒரு நேர்கோட்டில். கண்ணி புதைத்தபோது அவ வேலிக்குள் இருந்து கண்ட காட்சி. சேர் அந்தக் கோட்டைக் கண்ணால் அளந்தார். ஜீப்பில் இருந்து சிவப்பு எச்சரிக்கைப் பலகைகளை எடுத்துவந்து பாதையின் வாயை அடைத்தார். அடுத்த கரையையும் அடைத்துவிட்டு, பிள்ளைகளைப் பெரிய தெருவால் கூட்டிவரச் சொல்லப் பள்ளிக்கூட அதிபரின் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து என்னிடம் கேட்டது ஒரே கேள்வி:

"அம்மா, பன்னிரண்டு பேர் சனிக்கிழமை காலையில இங்க வரணும். என்ன போட்டு வருவாங்க?"

முழு உடுப்புத் தைக்க நேரமில்லை. பச்சையை வெளுக்கவும் முடியாது. வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தேன். மானிப்பாயில் ஒரு கடையில் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குத் திரை தைக்கிற வெளிர் நீலத் துணி கண்டது நினைவு வந்தது. ஜீப்பை நேரே அங்கே விடச் சொன்னேன். அரைக் கட்டுத்தான் இருந்தது. அதில் கையில்லாத, தொடை வரை நீண்ட மேலங்கி. தலையால் போட்டு இரண்டு பக்கமும் நாடாவால் முடிகிற மாதிரி. பச்சைக்கு மேலே போட்டால் முன்னும் பின்னும் நீலம். வெள்ளி முழுக்க நான் வெட்ட, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் மெசினில் ஓட்டினார்கள். பன்னிரண்டு மேலங்கியும் அந்தி படமுதல் முடிந்தது. வடிவில்லை. கழுத்து ஒன்றுக்கொன்று கோணல். என் வாழ்நாளில் அவ்வளவு மோசமாக நான் தைத்ததில்லை. அவ்வளவு சரியாகத் தைத்ததும் இல்லை.

இரண்டாம் நாளே முதலாவது கண்ணி கிடைத்தது, முள்ளுக் குவியலில் இருந்து நாலு எட்டுத் தூரத்தில். அந்த ஒழுங்கையில் வேலை முடிய ஏழு கிழமை எடுத்தது. அவ்வளவு காலமும் இரத்தினமக்கா பின்னேரத்தில் படலையடியில் வந்து நிற்பா என்று வசந்தி சொல்லுவாள். பற்றைகளுக்குள் நிமிர்கிற நீலங்களை ஒவ்வொன்றாக எண்ணுவாவாம். பன்னிரண்டும் எழும்பி வெளியே வந்த பிறகுதான் அடுப்படிக்குப் போவாவாம். ஒரு நாள் ஒருத்திக்குக் காய்ச்சல், வரவில்லை. "பதினொண்டுதான் தெரியுது, மற்றது எங்கை?" என்று சத்தம் போட்டுச் சேரையே ஓடிவர வைத்துவிட்டா.

அடுத்த மாதம் என்னை நிறுவனத்தின் உடுப்புக் களஞ்சியத்துக்கு எடுத்தார்கள். பிழை விட்டவளை எடுக்கிறீர்களே என்று சேரிடம் கேட்டேன். "இந்தப் பிழையை நீங்க திரும்ப விட மாட்டீங்க. புதுசா ஒருத்தர் வந்தா முதல்ல இருந்து விடணும்" என்றார்.

அவர் சொன்னது சரியா என்று கன வருசம் கழித்துச் சோதனை வந்தது. கொழும்பில் இருந்து புது உடுப்பு, தைத்தபடியே, பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. நல்ல துணி. ஆனால் கருநீலம். அந்த மாதம் எங்களுக்குக் கரையோரத்தில் ஒரு காணியில் வேலை தொடங்க இருந்தது. கொழும்பு அதிகாரி தொலைபேசியில், "நீலம்தானே கேட்டீர்கள்? நீலம்தானே அனுப்பினோம்?" என்றார். சொல்லில் பிழையில்லை.

இந்த முறை நான் ஊகிக்கவில்லை. ஒரு சேட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, மீன்பிடிக்கிற சனம் இருக்கிற குருநகருக்குப் போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஆட்களிடம் அதை விரித்துக் காட்டி, "இதைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் வந்தால் ஆரெண்டு நினைப்பியள்?" என்று மட்டும் கேட்டேன். பிலோமினா என்கிற அம்மா ஊசியை நிறுத்தாமலே சொன்னா:

"வேறை ஆர், நேவிதான். பிள்ளை, உதைப் போட்டுக்கொண்டு வந்து வெடி கிடக்கோ எண்டு கேட்டால், எங்கடை ஆம்பிளையள் வள்ளம் பதிஞ்ச துண்டைத் தேடி வீட்டை ஓடுவினம். உங்களோடை ஆர் கதைக்கிறது?"

பெட்டிகளை நான் திறந்து கொடுக்கவில்லை. எழுத்தில் காரணம் கேட்டார்கள். எழுதினேன். மூன்று கிழமை ஒருத்தரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிள்ளைகள் பழைய, வெளிறிய உடுப்போடுதான் போனார்கள். என் கடிதத்தைச் சேர் ஒருமுறை வாசித்தார். ஒரு எழுத்தும் மாற்றாமல் அடியில் தன் கையெழுத்தையும் வைத்தார். கடைசியில் சரியான நிறம் வந்தது. அந்தக் கருநீலத்தை நான் வீணாக்கவில்லை. நீங்கள் வேலை செய்யும்போது முழங்காலுக்குக் கீழே வைக்கிற மெத்தை இருக்கிறதே, அதன் உறை அந்தத் துணிதான்.

ஆகவே பிள்ளை, உமது கேள்விக்கு என் மறுமொழி: அழுக்குத் தெரியும்தான், தோய்த்துப் போடும். எனக்குப் பிறகு களஞ்சியத்தில் உடுப்புப் பெட்டியைத் திறக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லுகிறேன். நீங்கள் வாய் திறக்க முதல் உங்கள் சட்டை கதைத்து முடித்துவிடும். அது என்ன கதைக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அதைப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் போய்க் கேளுங்கள். சட்டை கதைத்து முடிந்த பிறகு உங்களிடம் ஏதும் கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள்.

சேரைப் பற்றி ஒன்று மிச்சம் இருக்கிறது. அவர் வேலையை விட்டு ஊருக்குப் போகிற கிழமை, "சேர், உங்களுக்கு ஒரு சேட் தைச்சுத் தாறன். என்ன நிறம் வேணும்?" என்று கேட்டேன். படைகளின் நிறமெல்லாம் தெரிந்த மனிசன் கையை விரித்தார்.

"தெரியாது, அம்மா" என்றார். "சின்ன வயசில பள்ளிக்கூட வெள்ளை. பிறகு ஆமி. பிறகு உங்கட நீலம். வீட்டில மனுசி எடுத்து வைக்கிறதைப் போடுவன். நானா ஒரு நிறம் கேட்டதே இல்ல."

நானும் வசந்தியும் கடைக்குப் போய்த் துணி எடுத்தோம். நல்ல மஞ்சள், அதில் உள்ளங்கை அகலத்தில் சிவப்புப் பூக்கள். வசந்திக்கே தயக்கம். "அக்கா, உதை அவர் போடுவாரோ?" என்றாள். விரித்துக் காட்டியபோது சேரின் காது இரண்டும் சிவந்துபோனது. "இது போட்டா சனம் சிரிக்கும்" என்றார். "சிரிக்கட்டும் சேர்" என்றேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். போடுகிறேன் என்று சொல்லவில்லை.

அவர் சுன்னாகத்தில் காலை ரயில் ஏறினார். நானும் வசந்தியும் கொக்குவிலில் ரயில் கடவையடியில் போய் நின்றோம். கோண்டாவில் பக்கம் இருந்து ரயில் தலை காட்டியது. ஆட்களின் முகம் தெரியாத தூரம். ஆனால் மூன்றாவது பெட்டியின் வாசலில் மஞ்சள் தெரிந்தது. கிட்ட வரவரப் பூக்களும் தெரிந்தன. அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை எங்களைப் பார்த்து ஆட்டினார். பக்கத்தில் நின்ற யாரோ சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். எங்களைக் கடந்து ரயில் யாழ்ப்பாணப் பக்கம் ஓடியது.

எனக்குக் கண் கலங்கி ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. வசந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு தண்டவாளம் முடிகிற திக்கையே பார்த்து நின்றாள்.

"இன்னும் தெரியுது அக்கா" என்றாள். "இன்னும் தெரியுது."